தொட்டிக்குள் ஒரு சாட்சி

“திருடனை நான் பிடிக்கப் போறதில்லைம்மா. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க மீனே பிடிச்சுக் குடுத்துடும்!”

சொன்னவர் துப்பறியும் நிபுணர் கொக்கு. சொல்லிவிட்டு, யோசனை வரும்போதெல்லாம் செய்வதுபோல ஒரு காலை மடக்கி மறு காலில் நின்றார். உத்தரத்தில் இடிக்கும் உயரம், அதில் பாதி கழுத்து. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்து பல காலம் ஆகிவிட்டது.

முதலாளியம்மாவின் பேனா அந்தரத்தில் நின்றது. ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடித் தொட்டிக்குள், சம்பந்தப்பட்ட மீன் மட்டும் ‘யாரு, நானா?’ என்பதுபோல வாயைத் திறந்து மூடியது. பூசணிக்காய் நிறம், பூசணிக்காய் உடம்பு, எந்நேரமும் உர்ரென்று ஒரு முகம். அலுவலகத்தில் அதற்கு ‘ஆபீசர்’ என்று பெயர்.

மிளகாய்க்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவள் கொக்குவின் மனைவிக்குத் தங்கை, கொக்குவுக்கு உதவியாளர். பெயர் வந்தது நாக்கினால். அத்தான் முதலில் ஜம்பம் அடிப்பார், காரணத்தை அப்புறம்தான் தேடுவார் என்பது அவளுக்கு மனப்பாடம். போன வழக்கில் ஒரு குடை வாக்குமூலம் கொடுக்கும் என்றார். குடை கடைசிவரை வாய் திறக்கவில்லை, மழைக்குக்கூட.

“அத்தான், மீன் பேசினா யாரு மொழிபெயர்க்கிறது? நானா?” என்று எம்பிக் கிசுகிசுத்தாள்.

“முதல்ல ஒரு நாற்காலி மேல ஏறிக்கோ. கீழேயிருந்து பேசினா பாதிதான் வந்து சேருது.”

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை, பட்டாசு நமுத்துப்போய் வெடிக்குமே, அந்த மாதிரி. சிரித்தவர் ஒயர் சித்தப்பா.

“மீன் சாட்சி சொல்லுமாம்! அப்போ தீர்ப்பை யாரு எழுதறது, என் செருப்பா? ஏம்மா, துப்பறியறவரைக் கூப்பிடச் சொன்னா நீ மந்திரவாதியைக் கூப்பிட்டிருக்கே.”

முதலாளியம்மாவுக்கு அவர் சொந்தச் சித்தப்பா. கம்பெனிக்கோ ஒயரின் தகப்பன். அது பூட்டுக் கம்பெனி. உலகத்தில் உள்ள திருடர்களில் பாதிப் பேரை வேலையில்லாமல் ஆக்கியது அந்தக் கம்பெனிதான் என்று சொன்னால் மிகை கிடையாது. மீதிப் பேர் தாங்களாகவே ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் சுவர்களுக்குள் சித்தப்பா இழுத்திருந்த நெட்வொர்க் ஒயரை உருவி நீட்டினால், நிலாவுக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பூமிக்கே திரும்பி வந்து ஒரு முடிச்சும் போடலாம்.

இந்த ஒயர்க் கோட்டைக்குள் காற்று நுழைந்தது சமீபத்தில்தான். பட்டறையில் இருப்பவர்கள் கையில் கணினியோடு நடமாட வேண்டும், கிடங்கில் நின்றபடியே சரக்கு விவரம் பார்க்க வேண்டும் என்று, பழைய ஒயர் நெட்வொர்க்கோடு வைஃபையையும் சேர்த்து இணைக்க முதலாளியம்மா முடிவு செய்தாள். இணைத்தவள் வெளியாள் இல்லை. சித்தப்பாவின் சொந்த மருமகள். மாமனார் சுவரில் ஓட, மருமகள் கூரையில் பறந்தாள். சாப்பாட்டு மேசையில் இருவரும் உப்புக்கும் சேர்த்தே சண்டை போட்டார்கள்.

அன்றிலிருந்து கம்பெனிக்குச் சனி. எந்த டெண்டர் போட்டாலும், எதிர்க் கம்பெனி ஒரு முடி அளவு குறைத்துப் போட்டுத் தட்டிக்கொண்டு போனது. விலையை முடிவு செய்பவள் முதலாளியம்மா ஒருத்திதான். இந்த அறையில், இந்த மேசையில், இந்தக் கணினியில். வேறு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனாலும் போய்விட்டது.

“இன்னைக்கு ஆஸ்பத்திரி டெண்டர்,” என்றாள் முதலாளியம்மா. “இதுவும் போச்சுன்னா பட்டறையில பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். மத்தியானம் விலையைப் போடுவேன், சாயங்காலம் அனுப்புவேன். அதுக்குள்ள ஆள் யாருன்னு தெரியலைன்னா, இவ மேல போலீஸ்ல புகார் குடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. நெட்வொர்க் பொறுப்பாளர்னு சித்தப்பா கையெழுத்துப் போடணும்.”

‘இவள்’ சுவரோரம் நின்றாள். அழுது முடித்த முகம். மாமனார் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. நடுவில் ஒருவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘அப்பா கையெழுத்துப் போட்டா நானும் வீட்டை விட்டுப் போயிடுவேன்’ என்று சொல்லியிருப்பது எல்லோருக்கும் தெரியும்.

“நான் அவளைத் திருடின்னு சொல்லலை. அவ கொண்டாந்த காத்தைச் சொல்றேன்,” என்றார் சித்தப்பா. “காத்துக்கு ஏது கதவு? என் ஒயர்ல நுழையணும்னா சுவத்தை உடைச்சுக்கிட்டுல்ல வரணும்!”

“பாவம்மா, சின்னப் பொண்ணு, தெரியாமக்கூடச் செஞ்சிருக்கலாம்,” என்று தேனில் முக்கிய ஒரு குரல் வந்தது. விற்பனை மேனேஜர். பேச்சின் பாகு காரணமாக அவருக்குச் சர்க்கரை என்று பெயர். “ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே, நாம என்ன பண்ண முடியும்…”

டிங்.

“மன்னிக்கணும்,” என்று சட்டைப்பையிலிருந்த போனை அமுக்கிவிட்டு, மருமகளுக்கு ஆறுதலாக ஒரு தம்ளர் தண்ணீர் எடுக்க, தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த குடிதண்ணீர் ஜாடியிடம் போனார். என்ன மனிதத்தன்மை! ஆபீசருக்கோ என்ன சலிப்போ, முதுகைத் திருப்பிக்கொண்டு, தொட்டிக்குள் இருந்த பொம்மைக் கல்கோட்டைக்குப் பின்னால் போய் மறைந்தது.

கொக்கு அடுத்த காலுக்கு மாறினார்.

தாமதமாகும் என்று அக்காவிடம் சொல்ல மிளகாய் போனை எடுத்தாள். ஒரு கோடுகூட இல்லை.

“இங்கே எடுக்காதும்மா,” என்றாள் முதலாளியம்மா. “எங்க அப்பா காலத்துல இது பெட்டக அறை. நாலு சுவத்துக்குள்ளயும் இரும்புத் தகடு, கதவும் இரும்பு. என்னைக்காவது தொட்டி கழுவத் தண்ணியை இறைச்சிருந்தா மட்டும் எப்படியோ போன் வரும்.”

“இங்கே வைஃபையும் கிடையாதா?”

“நான்தான் வேண்டாம்னேன்,” என்று சித்தப்பா மார்தட்டினார். “முதலாளி ரூம். ஒயர் மட்டும்தான்.”

கொக்குவின் கழுத்து ஒரு சாண் நீண்டது.

*

வெளியே நடையில், கூரையில் கவிழ்த்து வைத்த தட்டுபோல ஒரு வெள்ளைப் பெட்டி பச்சைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. மருமகள் அதைக் காட்டினாள்.

“இதுதான் என் பெட்டி. ஒவ்வொண்ணும் மாமாவோட ஒயர்லதான் போய்ச் சேருது. காத்துல வர்ற எவனும் பாஸ்வேர்டு சொல்லணும். விருந்தாளின்னா அவனுக்குத் தனிப் பாதை, கம்பெனிக் கணினிப் பக்கம் தலை வெச்சும் படுக்க முடியாது. பக்கத்துல யாராவது திருட்டு வைஃபை வெச்சாக்கூட என் பெட்டிங்க மோப்பம் பிடிச்சுடும். எல்லாத்தையும் சலிச்சுட்டேன் சார். ஒரு வெளியாள்கூட வரலை.”

“ஒயர்ல வர்றவங்க?” என்றாள் மிளகாய்.

மருமகள் மாமனார் காதில் விழுமோ என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல, “அதுக்கும் பூட்டுப் போடணும்னு கேட்டேன். சுவத்துல சும்மா கிடக்கிற நெட்வொர்க் சாக்கெட்டையெல்லாம் மூடிடலாம், ஒயர்ல செருகினாலும் பாஸ்வேர்டு கேக்கட்டும்னேன். மாமா, ‘காத்துல வர்றவன் விருந்தாளி, ஒயர்ல வர்றவன் வீட்டு ஆளு, வீட்டு ஆளை வாசல்ல நிறுத்தி யாருன்னு கேப்பியா’ன்னுட்டாங்க.”

“பூட்டுக் கம்பெனியில பூட்டாத கதவு!” என்று மிளகாய் கன்னத்தில் கை வைத்தாள். “சமையக்காரர் வீட்டுல பட்டினிங்கிற மாதிரி இருக்கே.”

கொக்கு அதற்குள் முதலாளியம்மாவிடம் தொட்டி கழுவுகிறவரின் எண்ணை வாங்கிப் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுத் திரும்பியபோது கண்ணில் தீபாவளியே எரிந்தது என்று சொல்லலாம், ஆனால் உண்மையில் எரிந்தது ஒரு சந்தேகம்.

“மிளகா, தொட்டிக்காரர் என்ன சொல்றாரு தெரியுமா? வைஃபை வந்த புதுசுல ஒரு தடவை வந்ததோட சரியாம், அப்புறம் இந்தப் பக்கமே வரலையாம். யாரும் கூப்பிடலையாம். ‘ஏன் சார், மீன் செத்துப்போச்சா’ன்னு கேக்கறாரு.”

“அப்போ தண்ணியை மாத்தறது யாரு?”

“அதைத்தானே மீன் சொல்லப் போகுது!”

முதலாளியம்மா பட்டறைக்குப் போயிருந்த நேரம், மூவரும் அறைக்குள் திரும்ப வந்தார்கள். மருமகள் மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினாள். ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் மரத்தில் செய்து மாட்டிய ராட்சதப் பூட்டு ஒன்று தொங்கியது. யானைக்கே பூட்டுப் போடலாம், அவ்வளவு பெரிது. கால் வலித்த மிளகாய் அதன்மேல் கையை ஊன்றிச் சாய்ந்தாள். சாய்ந்தவள் துள்ளினாள்.

“அத்தான், மரத்துக்குக் காய்ச்சல் அடிக்குமா?”

“என்ன உளர்றே?”

“தொட்டுப் பாருங்க. கொதிக்குது.”

பூட்டின் முதுகு உள்ளே குடைந்திருந்தது. அந்தக் குடைவுக்குள், சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து விரல்நீள ஒயர் ஒன்று, பூட்டு மறைத்திருந்த பழைய சாக்கெட்டுக்குள் போயிருந்தது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “சின்ன வைஃபை பெட்டி! கரண்டுகூட ஒயர் வழியாவே வருது, நான் மாத்தின புது நெட்வொர்க் ஸ்விட்சுலேருந்து. மாமாவோட ஒயர்ல வீட்டு ஆள் மாதிரி உட்காந்துக்கிட்டு, வெளியே இருக்கிறவனைக் காத்து வழியா உள்ளே கூப்பிடுது!”

“நடையில இருக்கிற உன் பெட்டிக்கு ஏன் தெரியலை?”

“இரும்புச் சுவர் சார். உள்ளே நடக்கறது வெளியே வராது. வெளியே போக ஒரே வழி…” அவள் பார்வை மெதுவாக எதிர்ப்பக்கம் திரும்பியது. “ஜன்னல்தான். ஆனா அதை முழுக்கத் தண்ணி அடைச்சிருக்கு. தண்ணி இந்த அலையைக் குடிச்சுடும்.”

மிளகாய்க்கு அப்போதுதான் மயிர்க்கூச்செறிந்தது. தொட்டி நிறைந்திருந்தால் ரகசியம் உள்ளே. தொட்டி காலியானால் ரகசியம் தெருவுக்கு. இத்தனை காலமும் அந்தக் கம்பெனிக்குக் காவல் காத்தது, கேட்டில் நின்ற காவல்காரன் இல்லை, மீசை இல்லாத ஒரு மீனின் குளியல் தண்ணீர்! சந்துக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு நேரே ஒரு வாடகை அறை. தண்ணீரின் நெளிவுக்குப் பின்னால் அதன் திரை லேசாக விலகி மூடியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

“திருடனுக்கு முதல்ல இது தெரிஞ்சிருக்காது,” என்றார் கொக்கு. “பெட்டியை வெச்சிருப்பான், எதிர்ல இருக்கறவனுக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. அப்புறம் ஒரு தடவை தண்ணி மாத்தினப்போ பளிச்சுனு வேலை செஞ்சிருக்கும். அதிலேருந்து, விலை போடற நாளெல்லாம் ஆபீசருக்குக் குளியல் நாள்.”

“இந்தச் சாக்கெட்டுக்கு உயிர் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்று மிளகாய் கேட்டாள்.

மருமகளின் முகம் வெளுத்தது. “மாமாவுக்கு மட்டும்தான்… இல்லை, இல்லை. மாமாவா இருக்காது.”

“உன்னைப் போலீஸ்ல மாட்டிவிடக் கையெழுத்துப் போடப்போறவருக்கா பரிஞ்சு பேசறே?”

“அவங்க என்னைத் திட்டுவாங்க, சண்டை போடுவாங்க. ஒயருக்குத் துரோகம் பண்ண மாட்டாங்க.”

கொக்கு பெட்டியைத் தொடாமல் பூட்டைப் பழையபடி மாட்டினார்.

*

சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடியிருந்தபோது கொக்குவின் குரல் கூரையைப் பெயர்த்தது.

“அம்மா, விலையைக் கணினியில போட்டுட்டீங்களா? நல்லது. அப்புறம் ஒரு விஷயம். உங்க மீனுக்கு உடம்பு சரியில்லை. தொட்டிக்காரரைக் கேட்டேன். இன்னைக்குத் தண்ணியில கை வெச்சா மீன் மண்டையைப் போட்டுடுமாம். யாரும் தொடக் கூடாது!”

“நீங்க மீனுக்கும் வைத்தியமா?” என்றார் ஒயர் சித்தப்பா. “அது சாட்சி சொல்ற வரைக்குமாவது உசிரோட இருக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சர்க்கரைதான் எல்லோருக்கும் மேலே சிரித்தார்.

அடுத்த சில நிமிடங்களில் மிளகாய் முதலாளியம்மாவின் மேசைக்கு அடியில் மடங்கிக் கிடந்தாள். துப்பறியும் தொழிலில் மூளை அத்தானுக்கு, முதுகுவலி அவளுக்கு என்பது எழுதாத ஒப்பந்தம். கொக்கு, முதலாளியம்மா, மருமகள் மூவரும் பக்கத்து அறையில் கதவிடுக்கில் கண்ணை வைத்திருந்தார்கள்.

கதவு கிறீச்சிட்டது. ஒரு ஜோடிக் கால்கள். தேய்ந்த செருப்பு.

ஒயர் சித்தப்பா!

அவர் நேரே தொட்டியிடம் போனார். அக்கம்பக்கம் பார்த்தார். சட்டைப்பைக்குள் கை விட்டார். எடுத்தது குழாய் இல்லை, ஒரு பிஸ்கட். அதைப் பொடித்துத் தண்ணீரில் தூவினார்.

“சாப்பிடுறா. உடம்பு சரியில்லையாமே உனக்கு,” என்றார் தாழ்ந்த குரலில். “சாயங்காலம் கையெழுத்துப் போடணுமாம்டா. நல்ல பொண்ணுடா அவ. நான் காய்ச்சல்ல கிடந்தப்போ என் பையன் தூங்கிட்டான், அவதான் முழிச்சுக்கிட்டு இருந்தா. அவகிட்ட இதைச் சொல்ல முடியுமா? உன்கிட்டதான் சொல்ல முடியும். நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டே.”

மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டார். பக்கத்து அறையில் யாரோ விசும்பலை விழுங்கும் சத்தம் கேட்டது. மிளகாய்க்கே கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மேசைக்கு அடியில் தூசி அதிகம்.

துடைத்து முடிப்பதற்குள் மறுபடி கதவு. இந்தத் தடவை பளபளக்கும் ஷூ. அது அவசரமாகக் கழன்றது. கால்சட்டை முழங்கால் வரை மேலே சுருண்டது. ஒரு வாளி தரையில் உட்கார்ந்தது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனை தொட்டிக்குள் போயிற்று, மறு முனை வாய்க்குள் போயிற்று. ஒரே உறிஞ்சு!

“சார், பசிக்குதா?” என்றபடி மேசைக்கு அடியிலிருந்து மிளகாய் முளைத்தாள்.

விற்பனை மேனேஜர் சர்க்கரை, கன்னம் இரண்டும் பலூனாக உப்ப, வாய் நிறையப் பச்சைத் தண்ணீரோடு நின்றார். துப்பவும் முடியாது, பேசவும் முடியாது. எதிரே முதலாளியம்மா வேறு வந்து நின்றுவிட்டாள். வாழ்நாள் முழுக்கத் தேன் ஒழுகிய அந்த வாய், ஒரு மடக்கு மீன் குளித்த தண்ணீரைக் ‘களக்’ என்று விழுங்கியது. குழாய் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. வாளியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“பாவம்னுதான்… அம்மா… மீன் உடம்பு சரியில்லைன்னாரே, நல்ல தண்ணி மாத்தலாம்னு. சத்தியமா இன்னைக்குத்தான் முதல் தடவை. அந்தத் தொட்டிப் பக்கம் நான் கை வெச்சதே கிடையாது!”

சத்தம் கேட்டு ஒயர் சித்தப்பாவும் ஓடி வந்தார். கொக்கு மரப்பூட்டைக் கழற்றிக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். சித்தப்பாவின் கண் அந்தப் பெட்டியில் இல்லை, அது செருகியிருந்த சாக்கெட்டில் இருந்தது.

சர்க்கரை பளிச்சென்று பற்றிக்கொண்டார். “பாத்தீங்களாம்மா? ஒயர் இவரோடது, பெட்டி வைஃபை. மாமனாரும் மருமகளும் சேர்ந்து நாடகம் ஆடியிருக்காங்க! அந்தச் சாக்கெட் இவருக்கு மட்டும்தானே தெரியும்?”

முதலாளியம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சின்ன வயதில் அவர் தோளில் ஏறிய நினைவும் இருந்தது, சந்தேகமும் இருந்தது.

“அப்போ சாட்சியை விசாரிச்சுடுவோம்,” என்றார் கொக்கு. “அடையாள அணிவகுப்பு! ஒவ்வொருத்தரா தொட்டி முன்னாடி வாங்க.”

“இந்த நேரத்துலயும் விளையாட்டா?” என்று சித்தப்பா நொந்தார். “மீனுக்கு ஞாபகம் ஏதுய்யா?”

“நீங்களே பாருங்க. தண்ணியை இறைக்கறப்போவெல்லாம் ஒரு மீனை அள்ளி வாளியில போட்டவனை அது மறக்குமா? உங்களை ஒருத்தன் குளிக்கும்போது தூக்கி வெளியே போட்டா நீங்க மறப்பீங்களா?”

முதலாளியம்மா போய் நின்றாள். ஆபீசர் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து மூடியது. மருமகள் போனாள், வந்தது. மிளகாய் போனாள், வந்து உர்ரென்று பார்த்தது. சித்தப்பா போனார். அவ்வளவுதான், பூசணிக்காய் உடம்பு பூராவும் வாலாக ஆடியது. தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி, அவர் சட்டைப்பையையே பார்த்தது.

“பிஸ்கட்டைத் தேடுது,” என்றாள் மிளகாய். சித்தப்பா சிவந்துபோனார்.

“இப்போ நீங்க சார்.”

சர்க்கரை அசையவில்லை. கொக்குவின் நீண்ட கை அவர் தோளை அணைத்து நடத்திக்கொண்டு போனது. இன்னும் ஓரடி இருக்கும்போதே தொட்டிக்குள் புயல் அடித்தது! ஆபீசர் துள்ளிய துள்ளலில் தண்ணீர் கூரையைத் தொட்டது. (தொடவில்லை என்று சொல்பவர்கள் அந்தக் கூரையில் இன்றைக்கும் இருக்கும் கறையை வந்து பார்க்கலாம்.) கல்கோட்டைக்குப் பின்னால் மூலையில் போய், தலையை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, நடுங்கும் வாலை மட்டும் காட்டியது.

“காலையில நீங்க தண்ணி எடுக்கப் போனப்பவும் இதேதான் பண்ணுச்சு,” என்றார் கொக்கு.

“ஒரு மீனை நம்பி…” என்று சர்க்கரை ஆரம்பித்தார்.

டிங்.

எல்லோரும் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

மிளகாய் தன் போனை உயர்த்திக் காட்டினாள். “எனக்கு ஒரு கோடுகூட இல்லை. தொட்டி இன்னும் நிறைஞ்சுதான் இருக்கு. காலையிலயும் உங்களுக்கு மட்டும்தான் மணி அடிச்சுது சார்.”

“இந்த ரூம்ல என் வைஃபை கிடையாது,” என்று மருமகள் ஓரடி முன்னால் வந்தாள். “டவரும் எடுக்காது. உங்க போன் யார் வீட்டுக் காத்துல மூச்சு விடுது?”

முதலாளியம்மா கையை நீட்டினாள். சர்க்கரை தர மறுத்ததை, கொக்கு கொக்கைப்போலவே கொத்தி எடுத்தார். பெட்டியைச் செருகிய அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு தடவை தன் போனை இணைத்திருக்கிறார். மனிதர் மறந்துவிட்டார். போன் மறக்கவில்லை. அறைக்குள் வரும்போதெல்லாம் விசுவாசமாக ஓடிப்போய் அதே பெட்டியின் மடியில் உட்கார்ந்துகொண்டது. கடைசியாக வந்த செய்தி திரையிலேயே இருந்தது: ‘இன்னும் எதுவும் வரலையே? தொட்டியைச் சீக்கிரம் காலி பண்ணு.’

சந்துக்கு அப்பால் வாடகை அறையில் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. மிளகாய் தொட்டி வழியாகப் பார்த்தபோது, நெளிநெளியாக ஒரு மனிதன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

“அந்தச் சாக்கெட் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று சித்தப்பா கேட்டார்.

சர்க்கரையிடம் பாகு தீர்ந்துவிட்டிருந்தது. “நீங்கதானே சொன்னீங்க? உங்க ஒயரைப் பத்திப் பெருமை பேசினப்போ, ‘அந்தப் பூட்டுக்குப் பின்னால இருக்கறதுகூட இன்னும் உயிரோட இருக்கு’ன்னு. எதிர்க் கம்பெனியில பங்கு தர்றேன்னாங்க… காத்து மேலதான் எல்லாரும் சந்தேகப்படுவாங்கன்னு நினைச்சேன்.”

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், “மருமகளே,” என்றார்.

“சொல்லுங்க மாமா.”

“நாளைக்கு எல்லாச் சாக்கெட்டுக்கும் பூட்டுப் போட்டுடு. வீட்டு ஆளா இருந்தாலும் யாருன்னு கேக்கட்டும்.”

“நீங்க வந்து எது எது எங்கே இருக்குன்னு காட்டுங்க மாமா. சுவத்துக்குள்ள எனக்கு என்ன தெரியும்?”

“வரேன், வரேன். நீ மட்டும் போனா ஒயரையெல்லாம் சிக்காக்கிடுவே.”

பழைய உப்புச் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று மிளகாய்க்கு நிம்மதி வந்தது. அத்தானின் இடுப்பில் இடித்தாள். “காலையில சொன்னப்போ உங்களுக்கு எவ்வளவு தெரியும்? உண்மையைச் சொல்லுங்க.”

“சர்க்கரை உள்ளே நுழைஞ்சப்பவே மீன் ஓடி ஒளிஞ்சுது, அது மட்டும்தான் தெரியும்,” என்று கொக்கு கண்ணடித்தார். “மீதியை வாய் முந்திக்கிட்டு சொல்லிடுச்சு. காரணம் பின்னாடியே ஓடி வந்து சேர்ந்துக்குச்சு.”

முதலாளியம்மா புகாரைக் கிழித்தாள். புதிதாக ஒன்று கொடுக்க, மேசைமேல் இருந்த ஒயர் போனைச் சித்தப்பாவிடம் நகர்த்தினாள். அந்த அறையில் யோக்கியமாகப் பேசக்கூடியது அது ஒன்றுதான். அவர் எண்களை அழுத்தினார். பெயர், கம்பெனி, நடந்தது எல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். சித்தப்பா தயங்கினார். கொக்குவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். ஆபீசர் மணலிலிருந்து தலையை எடுத்து, கண்ணாடியில் வாயை ஒட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆளை முதல்ல அடையாளம் காட்டினது… மீனுங்க.”

போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு, பிறகு ஒரு அதட்டல்.

“கிண்டல் இல்லை சார். நானும் காலையில இப்படித்தான் சிரிச்சேன்,” என்றார் ஒயர் சித்தப்பா. ஒரு கை பிஸ்கட்டைத் தேடிச் சட்டைப்பைக்குள் போயிருந்தது. “எழுதிக்குங்க. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். மீன்தான் காட்டிக் குடுத்துச்சு.”